வாசகர் கேள்வி – பதில்: பெயர் ஒன்று, ஆள் வேறு

கேள்வி (அம்பாசமுத்திரம் வாசகர்): சங்கரன்கோவில் அம்மனின் பெயரை ஒட்டி எனக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். அதே பெயரும் அதே தலைப்பெழுத்தும் உடைய வேறு சிலரும் எங்கள் தாலுகாவில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு வர வேண்டிய கடன் நோட்டீஸ் என் வீட்டுக்கு வந்துவிட்டது. விசாரித்ததில் எங்களுக்குள் உறவு ஏதும் இல்லை. ஊரும் வேறு, சாதியும் வேறு. ஒரு காலத்தில் நாங்கள் உறவினர்களாக இருந்திருப்போமா?

பதில்: அப்படி நினைக்க வேண்டியதில்லை. நம் பக்கத்தில் பெயர் குடும்பத்தின் வழியாக வருவதைவிடச் சாமியின் வழியாக வருவதே அதிகம். ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவிலில் கூடுகிறவர்களில் எல்லா ஊராரும் எல்லாச் சாதியாரும் உண்டு. அங்கே நேர்ந்துகொண்ட பிறகு பிறந்த பிள்ளைக்குக் கோமதி, கோமதிநாயகம், சங்கரநாராயணன், சங்கரலிங்கம், ஆவுடையம்மாள் என்று அவரவர் தனித்தனியே பெயரிட்டார்கள். ஒருவர் இட்டதை மற்றவர் அறிந்திருக்கவே மாட்டார். நெல்லையப்பன், காந்திமதி, குற்றாலிங்கம், உலகம்மாள், பாபநாசம் ஆகிய பெயர்களும், சொரிமுத்து, சுடலைமுத்து, இசக்கியம்மாள், பேச்சிமுத்து, முப்பிடாதி ஆகிய பெயர்களும் இப்படிப் பரவியவைதாம். பங்குனி உத்திரத்தன்று ஒரே சாஸ்தா கோயிலில் பொங்கலிடும் பல குடும்பங்களுக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஆனால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களை எழுதிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒன்றாகவே இருக்கும். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாய்கிறது என்பதால் அத்தனை வயல்களும் ஒரே குடும்பத்துச் சொத்து என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

உங்கள் பெயருக்கு ஊற்று ஒன்றுதான் என்றும் சொல்லிவிட முடியாது. சங்கரன்கோவிலைப் போலவே, தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூரிலும் அம்மனுக்குக் கோமதி என்றே பெயர். உங்கள் பெயரையே கொண்ட இன்னொருவரின் தாத்தா அந்தச் சன்னிதியில் நேர்ந்துகொண்டிருக்கலாம்.

தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிய பெயர் உள்ளே வருவது அரிதாக இருந்த காலங்களில், ஒரு வட்டாரத்தில் புழங்கிய சில பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன. அவற்றை வேறுபடுத்த நம்மிடம் இருந்தது தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்றுதான். அந்தத் தகப்பனார் பெயரும் அதே சில பெயர்களில் ஒன்று. ஒரு பகுதியில் 20 முதலெழுத்துகளும் 30 பெயர்களும் சம அளவில் புழங்குகின்றன என்று வைத்துக்கொண்டால் கிடைக்கும் சேர்க்கைகள் மொத்தம் 600. இந்த 600 சேர்க்கைகளும் தீர 600 பேர் வேண்டும் என்று தோன்றும். உண்மையில், ஓர் அறையில் 30 பேர் கூடினாலே அவர்களில் யாரேனும் இருவர் முதலெழுத்தும் பெயரும் ஒத்தவர்களாக இருப்பதற்கான வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். நடைமுறையில் சில பெயர்கள் மற்றவற்றைவிட மிகுதியாக இருப்பதால் வாய்ப்பு இன்னும் கூடும். ஒரு தாலுகாவில் உங்களுக்கு இணைப்பெயர்காரர் இல்லாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

அதற்காகப் பெயர் எதையும் காட்டாது என்று சொல்ல வரவில்லை. பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு அதன் சான்று வலுக்கும். இரண்டு சுப்பிரமணியன்களைப் பற்றி எதுவும் ஊகிக்க முடியாது. ஆனால் சென்னையில் இரண்டு நாறும்பூநாதன்களைச் சந்தித்தால், இருவர் குடும்பத்துக்கும் திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலோடு தொடர்பு இருக்கும் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். அப்போதும் தெரியவருவது ஊர்தான், இரத்த உறவு அன்று.

நோட்டீஸைப் பொறுத்தவரை, அது தமக்கு உரியதன்று என்று தெரிந்ததும் பலர் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். அது கூடாது. அந்தக் கடன் உங்களுடையது அன்று என்பதை உங்கள் தகப்பனாரின் முழுப்பெயர், வயது, முகவரி ஆகியவற்றோடு எழுதி, ஸ்பீடு போஸ்ட்டில் பதிவுசெய்து அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைக் கேட்டு வாங்கி, மற்றவருடைய கடன் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெயர் ஒன்றாயிருப்பதால் ஒருவருடைய சுமை இன்னொருவர் தலையில் விழுவது சிறிய விஷயம் அன்று.

கேள்வி (ஆலங்குளம் மாணவி): கன்னியாகுமரி மாவட்டத்திலும் தாமிரபரணி ஓடுவதாகப் படித்தேன். அது நம் ஆற்றின் கிளையா?

பதில்: இல்லை, அது தனி ஆறு. நம் தாமிரபரணி பொதிகையில் தோன்றிக் கிழக்கே ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. குழித்துறை வழியே ஓடும் தாமிரபரணியோ மேற்கே போய்த் தேங்காய்ப்பட்டினத்தில் அரபிக் கடலில் கலக்கிறது. இலங்கைக்கும் பழங்காலத்தில் இந்தப் பெயர் உண்டு: அசோகர் கல்வெட்டுகளிலும் மகாவம்சத்திலும் வரும் தம்பபண்ணி அதுவே. அந்தப் பெயருக்கும் நம் ஆற்றுக்கும் தொடர்பு தேடிய அறிஞர்கள் பலர். ஆனால் பெயர் ஒத்திருப்பது தேடலைத் தொடங்கக் காரணமாகலாமே ஒழிய, தேடலின் முடிவாக ஆகாது.

ஆறுகளின் பெயர்கள் ஒத்துப்போவதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. மக்கள் தங்கள் கண் முன்னால் ஓடுவதற்கு மட்டுமே பெயர் வைத்தார்கள்; அடுத்த நாட்டு ஆற்றோடு குழம்பிப்போகுமே என்று கவலைப்பட அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. பெரிய ஆற்றுக்குப் பக்கத்தில் சிறியது ஓடினால் அது சிற்றாறு. குற்றால மலையிலிருந்து வந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்வதும் சிற்றாறு. குமரி மாவட்டத்தில் இரண்டு அணைகளுக்குப் பெயர் தந்ததும் சிற்றாறு. செங்கோட்டைக்கு அருகே ஒரு குண்டாறு, விருதுநகர், இராமநாதபுரம் பக்கம் இன்னொரு குண்டாறு. மணிமுத்தாறு நமக்கும் உண்டு, விருத்தாசலத்துக்கும் உண்டு.

ஊர்களும் இப்படியே. பாவம் தீரும் தலம் என்று நம்பப்பட்ட இடங்கள் இரண்டு இருந்ததால் பாபநாசமும் இரண்டாயிற்று. ரயிலில் சீட்டு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும்: பாபநாசம் ரயில் நிலையம் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே இருக்கிறது. நம் பாபநாசத்துக்கு அம்பாசமுத்திரத்தில் இறங்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பெயரும் திருநெல்வேலிதான் என்பதை நம்மவர் பலர் அறிவதில்லை. அங்குள்ளவர்கள் பேச்சில் அதைத் தின்னவேலி என்பார்கள்.

கேள்வி (வீரபாண்டியன்பட்டினம் வாசகர்): எங்கள் கடற்கரையில் பர்னாந்து, மச்சாடோ போன்ற பெயர்கள் வழங்குகின்றன. இலங்கையிலும் போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் இத்தகைய பெயர்கள் உள்ளவர்கள் எங்கள் உறவினர்கள் ஆவார்களா?

பதில்: பெயரை மட்டும் வைத்துச் சொன்னால், இல்லை. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கத்தோலிக்க மறையைத் தழுவியபோது, ஞானஸ்நானத்தில் போர்ச்சுகீசியப் பெயர்கள் அவர்களுக்கு வந்து சேர்ந்தன. அதே போர்ச்சுகீசியர் கோவாவிலும் இலங்கைக் கரையிலும் பிரேசிலிலும் அதே சில பெயர்களை விட்டுச் சென்றார்கள். கொடுத்தவர்கள் ஒரே கூட்டத்தார். பெற்றவர்கள் ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை. முதற்கேள்விக்குச் சொன்ன பதிலுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை: அங்கே அம்மன் சன்னிதி, இங்கே ஞானத்தகப்பன்.

1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரின் பெயரே ஒரு கோட்டையின் பெயர். ஸ்பெயினின் நவார் பகுதியில் அவர் பிறந்த அந்தக் கோட்டையின் பெயர் புனிதரின் பெயராகி, நம் ஊரில் சவரிமுத்து, சவரியம்மாள், சவரிராயன் என்று ஆயிற்று. சபரிமலை ஐயப்பனை நினைத்து இடப்படும் சபரி என்ற பெயரோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. ஒலி மட்டும் நெருங்கி வந்திருக்கிறது.

நாசரேத் என்ற நம் ஊர்ப்பெயரோ தெரிந்தே எடுத்துக்கொண்டது. மிஷனரிகள் காலத்துக் கிறிஸ்தவர்கள் இயேசு வளர்ந்த ஊரின் பெயரை அன்போடு தங்கள் ஊருக்கு வைத்துக்கொண்டார்கள். பராக்கிரம பாண்டியன் கோயில் எடுத்த ஊர் தென்காசி ஆனதும் இதே ஆசையினால்தான். இவற்றைத் தற்செயல் ஒற்றுமையோடு சேர்த்து எண்ணக் கூடாது.

கேள்வி (தென்காசி ஆசிரியர்): கல்வெட்டுகளில் வரும் சுந்தரபாண்டியர்கள் எல்லாரும் ஒருவரா?

பதில்: பலர். மாறவர்மன், சடையவர்மன் என்ற பட்டங்கள் பாண்டியர்களிடம் மாறி மாறி வந்தன. சுந்தரன், வீரன், குலசேகரன், பராக்கிரமன் ஆகிய பெயர்கள் அவற்றோடு சேர்ந்து திரும்பத் திரும்ப வந்தன. 1216இல் பட்டத்துக்கு வந்தவர் மாறவர்மன் சுந்தரபாண்டியன். 1251இல் வந்தவர் சடையவர்மன் சுந்தரபாண்டியன். இவர்களைப் பிரித்தறிய மெய்க்கீர்த்தியின் (கல்வெட்டின் முகப்பில் அரசனின் புகழைச் சொல்லும் பகுதியின்) தொடக்கமும், கல்வெட்டில் குறித்த ஆட்சியாண்டு, கிழமை, திதி, நட்சத்திரம் ஆகியவையும் உதவின; கிழமையும் நட்சத்திரமும் கூடும் நாளைக் கணக்கிட்டு ஆண்டைக் கண்டறிந்தார்கள். மாணவர்களிடம் பாண்டியன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு சுந்தரபாண்டியனின் வெற்றியை இன்னொருவர் கணக்கில் எழுதிவைத்த ஊர் வரலாறுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன், அது வருத்தமாக இருக்கிறது.

கேள்வி (பாளையங்கோட்டை வாசகர்): என் சொந்தப் பெயரில் அல்வாக் கடை வைக்க விரும்புகிறேன். அதே பெயரில் ஏற்கெனவே கடை இருந்தால் தடுப்பார்களா?

பதில்: 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, ஒருவர் தம் சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துவதைக் காக்கிறது. நேர்மையாக என்ற சொல்லைக் கவனியுங்கள்: பழைய கடையின் எழுத்து வடிவம், நிறம், பெட்டி ஆகியவற்றைப் போலவே நீங்களும் செய்துகொண்டால் அந்தக் காப்பு கிடைக்காது. பொருள்களும் சேவைகளும் சேர்ந்து 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒரே பெயரில் ஒருவர் வேட்டியும் இன்னொருவர் அல்வாவும் விற்கப் பொதுவாகத் தடையில்லை. இனிப்புகள் 30ஆம் வகுப்பில் வரும். கடைப் பலகை எழுதுவதற்கு முன்பாக அந்த வகுப்பில் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பதிவாகியிருந்தால் பெயரோடு ஊரையோ தகப்பனார் பெயரையோ சேர்த்து, வாங்குகிறவருக்கு ஐயம் வராத அளவில் எழுதுங்கள்.