குழந்தை பிறந்த பிறகு வீட்டில் அன்றாட வாழ்க்கை எப்படி மாறும்?

முதலில் அடிபடுவது தூக்கம். பிறந்த குழந்தை நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்று கேட்டால் நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே மூச்சில் தூங்காது. வயிறு சின்னது, பால் சீக்கிரம் செரித்துவிடும். அதனால் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் கேட்கும். இரவு எது, பகல் எது என்று அதன் உடம்புக்குப் பிடிபடவே இரண்டு மூன்று மாதம் ஆகும்.

ஒரு தடவை பால் கொடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் பால், தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம், அதற்குள் நனைந்த துணியை மாற்றுவது, மறுபடி தூங்க வைப்பது. எல்லாம் முடிந்து தலையைச் சாய்த்தால் அடுத்த அழுகை வந்துவிடும். சமையல், குளியல், போன் எல்லாம் கிடைக்கிற இடைவெளியில்தான். (ஆறிப்போன காபி தனிக்கதை.)

துவைக்கும் துணி குவியும், வெளியே கிளம்ப நேரமாகும், அதெல்லாம் பழகிவிடும். கணவன் மனைவிக்குள் எரிச்சல் வருவதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தூக்கக் குறைவும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். "ஏதாவது உதவட்டுமா" என்று கேட்பதைவிட, ஒரு வேலையை முழுசாக ஏற்றுக்கொள்வது மேல்: இரவில் ஏப்பம் எடுத்துத் தூங்க வைப்பது அப்பா பொறுப்பு என்பதுபோல.

அழுகை பொதுவாக ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், பிறகு குறையும். தாயின் மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.