வழியறியும் நரம்பிழை

கேள்வி: வலக்கையில் பிடித்த தேநீர்க் குவளையின் சூட்டை இடப்பக்க மூளை உணர்கிறது என்கிறார்கள். கருவில் வளரும்போதே நரம்புகள் பக்கம் மாறுவது எப்படி?
– வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் மலைப்பாதையில் மூடுபனி இறங்கும்போது அடுத்த சில அடிகளை மட்டும் பார்த்து நடப்பதுபோல, வளரும் நரம்பிழையும் தன் அருகிலுள்ள வேதிக்குறிகளை மட்டுமே அறிந்து முன்னேறுகிறது. அதன் நுனியில் விரல்கள் போன்ற நீட்சிகளுடன் உள்ள 'வளர்கூம்பை' ஸ்பெயின் அறிஞர் ரமோன் இ கஹால் 1890-இல் கோழிக்கருவில் கண்டு விவரித்தார்.

தண்டுவடத்தின் அடிப்புற நடுக்கோட்டுச் செல்கள் சுரக்கும் நெட்ரின் என்னும் புரதம் இந்த இழைகளைத் தன்பால் ஈர்க்கிறது. 1994-இல் இனங்காணப்பட்ட அதற்கு, வழிநடத்துபவர் எனப் பொருள்படும் வடமொழிச் சொல்லிலிருந்தே பெயர் சூட்டினார்கள். 'நேதாஜி' என்பதிலும் அதே வேர்தான் இருக்கிறது.

ஈர்ப்பு மட்டும் இருந்தால் இழை நடுக்கோட்டிலேயே நின்றுவிடும் அல்லவா? எனக்குப் பெரிதும் வியப்பூட்டுவது இதன் விடைதான். அதே நடுக்கோட்டுச் செல்கள் ஸ்லிட் என்ற விலக்கும் புரதத்தையும் சுரக்கின்றன. கடக்கும்வரை அதைப் பெரிதும் பொருட்படுத்தாத இழை, கடந்ததும் தன் மேற்பரப்பில் ஸ்லிட்டை உணரும் ரோபோ என்னும் ஏற்பிப் புரதங்களை மிகுதியாக்கிக்கொண்டு அதனால் விலக்கப்படுவதால், மீண்டும் திரும்பாமல் மறுபக்கத்தில் மூளையை நோக்கி மேலேறுகிறது.