டி.சி. கேட்டு எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. ஆட்டிசம். தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். "வகுப்பில் உட்கார மாட்டேன் என்கிறான், மற்ற பெற்றோர் புகார் சொல்கிறார்கள், நீங்களே டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார் பிரின்சிபால். என்ன செய்வது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள் அம்மா. 'நீங்களே கேட்டு' என்று ஏன் சொல்கிறார்கள் தெரியுமா? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. அவர்களாக அனுப்பினால் சட்ட மீறல். நீங்களாகக் கேட்டதாகக் காகிதம் இருந்தால் அவர்கள் மேல் குற்றமே இல்லை. (சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் கீழே சொல்லும் 2016 சட்டம் இருக்கிறது.)

1988-ல் என் மகளுக்கு ஐந்து வயது. மூளை முடக்குவாதம். மயிலாப்பூரைச் சுற்றி ஆறு பள்ளிகளில் ஏறி இறங்கினோம். "மற்ற பிள்ளைகள் பயந்துடும்மா" என்றார் ஒரு தலைமையாசிரியை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. காட்டுவதற்கு என் கையில் ஒரு சட்டமும் இல்லை. உடல் ஊனமுற்ற குழந்தைகளைப் பொதுப் பள்ளியில் சேர்க்க 1974-லேயே மத்திய அரசின் திட்டம் ஒன்று வந்திருந்தது. ஆனால் திட்டம் வேறு, உரிமை வேறு.

ஏழாவதாகப் போன சின்னப் பள்ளி அவளைச் சேர்த்துக்கொண்டது. அங்கே ஒரு டீச்சர் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பென்சிலைச் சுற்றிக் கட்டித் தடிமனாக்கிக் கொடுத்தார். தாள் நழுவாமல் இருக்க நான்கு மூலையிலும் செல்லோடேப் ஒட்டினார். இரண்டு ரூபாய்கூட ஆகியிருக்காது. மூன்றாவது வாரம் என் மகள் தாள் முழுக்க ஒரே ஒரு 'அ' எழுதினாள். அதைப் பார்த்த பிறகுதான் நான் பி.எட். சிறப்புக் கல்வியில் சேர்ந்தேன்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான முதல் சட்டம் 1995-ல் வந்தது. 18 வயதுவரை இலவசக் கல்வி என்றது. ஆனால் அதன் பட்டியலில் இருந்தவை 7 வகைக் குறைபாடுகள்தான். ஆட்டிசம் அதில் இல்லை, கற்றல் குறைபாடும் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் பட்டியலை 21 ஆக்கியது. உங்கள் மகன் அதில் இருக்கிறான். பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், குழந்தைக்கு ஏற்ற வசதி செய்துதர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருந்தால், அருகிலுள்ள பள்ளியா சிறப்புப் பள்ளியா என்ற விருப்பமும் குழந்தையுடையது. அதைப் பிரின்சிபால் முடிவு செய்ய முடியாது.

சரி, நாளைக்கு என்ன செய்வது? ஒரு கடிதம் எழுதுங்கள். "மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தச் சொல்லும் காரணத்தை எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். அவனுக்கு என்ன தேவை என்பதையும் எழுதுங்கள்: முன் வரிசையில் இடம், சத்தம் தாங்காதபோது ஐந்து நிமிடம் வெளியே உட்கார அனுமதி, சிறப்பாசிரியர். தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லியிருக்கிறது. நேரில் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரை வாங்குங்கள். பதில் வரவில்லை என்றால் அந்த நகலோடு மாவட்டக் கல்வி அலுவலகம், அப்புறம் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். முத்திரை போட்ட நகல் இருந்தால் பேச்சின் தொனியே மாறும். பல வீடுகளுக்காக இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் என் பேரனுக்குப் பேச்சுப் பயிற்சியைப் பள்ளியே இலவசமாகத் தருகிறது. அவர்கள் எப்போதுமே அப்படித்தானா?
– வாசகர், நங்கநல்லூர்

பதில்: இல்லை ஐயா. பென்சில்வேனியா மாநிலத்தில், 'ஐந்து வயதுக்குரிய மன வளர்ச்சி' எட்டாத பிள்ளையைப் பள்ளி மறுக்கலாம் என்று சட்டமே இருந்தது. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் சங்கம் 1971-ல் வழக்குப் போட்டு, பள்ளிக் கதவைத் திறக்க வைத்தது. வாஷிங்டன் நகரிலும் அடுத்த ஆண்டே இதேபோல் ஒரு தீர்ப்பு வந்தது. 1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஜெரால்டு ஃபோர்டு, குறைபாடுள்ள குழந்தைகளின் கல்விக்காக நாடு முழுவதற்குமான சட்டத்தில் கையெழுத்திட்டார். அப்போது இப்படிப்பட்ட 10 லட்சம் குழந்தைகள் பொதுப் பள்ளிக்கு முற்றிலும் வெளியே இருந்ததாக அந்தச் சட்டமே பதிவு செய்திருக்கிறது.

பேரனுக்கு 'ஐ.இ.பி.' (அவனுக்கென்றே எழுதிய தனிநபர் கல்வித் திட்டம்) என்று ஒரு தாள் இருக்கும், அவன் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். எந்தப் பயிற்சி, வாரத்துக்கு எத்தனை நேரம், என்ன இலக்கு என்று அதில் எழுதியிருக்கும். அதை எழுதும் கூட்டத்தில் பெற்றோருக்கும் நாற்காலி உண்டு. எனக்கு அந்தச் சட்டத்தில் ரொம்பப் பிடித்தது அந்த நாற்காலிதான். நம் ஊரில் பெற்றோர் இன்னும் பிரின்சிபால் அறைக்கு வெளியே பெஞ்சில்தான் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: மகள் ஒன்பதாம் வகுப்பு. டிஸ்லெக்ஸியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு). பொதுத் தேர்வில் சலுகை உண்டா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: உண்டு. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாம் கேட்கலாம். மருத்துவச் சான்றிதழோடு பள்ளி வழியாகத்தான் விண்ணப்பம் போகும். பத்தாம் வகுப்பு அரையாண்டு வரை தள்ளிப்போட்டுவிட்டு ஓடி வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தக் கோடை விடுமுறையிலேயே சான்றிதழ் வேலையை முடித்துவிடுங்கள்.