வாத்தியார் பதில்கள்: ஹாய்ஸ் போட்ட ஓட்டு

கேள்வி: சென்ற இதழில் மேற்கு ஜெர்மனியின் முதல் அதிபர் தியோடர் ஹாய்ஸைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். ஆனால் 1933இல் ஹிட்லருக்குச் சர்வ அதிகாரம் கொடுத்த சட்டத்துக்கு அவரும் ஆதரவாக ஓட்டுப் போட்டிருக்கிறாரே, ஐயா?
– ஆறாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: மழுப்பாமல் சொல்கிறேன், மகளே. அவர் செய்தது தவறு. ஹிட்லரைப் பற்றி முந்தைய ஆண்டே நூல் எழுதியவர் அவர். ஆபத்தை அறியாதவர் அல்லர். அவருடைய தாராளவாதக் கட்சிக்கு நாடாளுமன்ற அவையில் மிஞ்சியிருந்தது ஐந்தே பேர். உள்கூட்டத்தில் ஹாய்ஸும் இன்னொருவரும் எதிர்ப்புப் பக்கம். மூவர் ஆதரவுப் பக்கம். கட்சி பிளவுபடக் கூடாது என்று ஐவரும் சேர்ந்தே ஆதரித்தார்கள். அதே அவையில், ஹிட்லரின் சீருடைப் படையினர் சூழ்ந்து நின்று மிரட்டியபோதும், சமூக ஜனநாயகக் கட்சியினர் 94 பேர் மறுத்து ஓட்டுப் போட்டார்கள். ஆகவே வேறு வழியில்லை என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். ஒற்றுமையின் பெயரால் மனசாட்சியை அடகு வைப்பதை நம் தோட்டத்துக் கூட்டங்களிலும் பார்த்து வெந்திருக்கிறேன்.

பிறகு ஏன் மதிக்கிறேன்? 1949இல் அதிபரானார். நாடே பழையதை மறக்கத் துடித்த காலம் அது. 1952 நவம்பரில் பெர்கன்-பெல்சன் வதைமுகாம் நினைவிடத்தில் நின்று, நடந்தவை நமக்குத் தெரிந்தே இருந்தன, இந்த வெட்கத்தை நம்மிடமிருந்து யாரும் எடுத்துவிட முடியாது என்று தம் மக்களின் முகத்துக்கு நேரே சொன்னார். 1959இல், சட்டத்தைத் திருத்தி மூன்றாம் முறையும் அமர்த்தலாம் என்ற பேச்சு எழுந்தபோது, வேண்டாம் என்று ஸ்டட்கார்ட்டுக்குப் போய்விட்டார். அவரைப் பற்றிக் கட்டுரை எழுதினால், இரண்டையும் எழுதுங்கள். அந்த ஓட்டை அடிக்குறிப்பில் ஒளிக்காதீர்கள்.

கேள்வி: நாஜிக் காலத்தில் ஹாய்ஸின் மனைவிதான் குடும்பத்தைத் தாங்கினார் என்றீர்களே, எப்படி?
– ரப்பர் பால்வெட்டி ஓய்வு பெற்ற அம்மா, அதே ஊர்

பதில்: ஹாய்ஸின் விரிவுரையாளர் வேலையும் எம்.பி. பதவியும் பறிபோயின, நூல்கள் தீயில் போடப்பட்டன. எல்லி அம்மையார் வானொலிக்கு விளம்பரம் எழுத உட்கார்ந்தார். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்றே ஒரு குட்டி மெட்டு. காதில் விழுந்ததும் பொருள் நினைவுக்கு வந்துவிடும். தொண்டை மாத்திரைக்கு ஒன்று, நிவியாவுக்கு ஒன்று. இருட்டிலேயே நெற்றிவிளக்கோடு ரப்பர் மர நிரைக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்த உங்களுக்கு அவர் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை, அம்மா. 1950இல், ஓய்ந்துபோன தாய்மார்கள் சில வாரம் வீட்டுவேலையை விட்டு உடல் தேறுவதற்கென்றே ஓர் அறக்கட்டளை தொடங்கினார். இன்றும் அது நடக்கிறது.