கேள்வி மேடை: மேலே எறிந்த பந்து

கேள்வி: மகன் பி.யூ.சி. முதலாம் ஆண்டு (பதினோராம் வகுப்பு). 20 மீட்டர் உயர மொட்டைமாடியிலிருந்து பந்தை வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் நேர்மேலே எறிந்தால், அது தரையைத் தொட எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு கணக்கு. சூத்திரம் சரியாகத்தான் எழுதுகிறான். ஆனால் வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்து திணறுகிறான். எங்கே தவறு?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: இடப்பெயர்ச்சிக்கு +20 போட்டிருப்பார். இடப்பெயர்ச்சி என்பது பந்து கடந்த மொத்தத் தூரம் அல்ல. புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடம் எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி என்பதுதான். மேல்பக்கம் பிளஸ் என்றால் தரை −20. ஈர்ப்பு முடுக்கம் −10. எறிந்த வேகம் மட்டுமே +15. எண்களைப் போடும் முன் ஒரு கோடு வரைந்து, மேலே ஒரு அம்புக்குறி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பாதிப் பிழை அதிலேயே போய்விடும்.

இடப்பெயர்ச்சி = தொடக்க வேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்²
−20 = 15 × நேரம் − 5 × நேரம்²

5-ஆல் வகுத்தால்: நேரம்² − 3 × நேரம் − 4 = 0. விடை 4 அல்லது −1. நமக்கு வேண்டியது 4 வினாடி.

வர்க்கமூலத்துக்குள் வந்த மைனஸும் ஒரு செய்திதான். +20 என்றால், 'மாடிக்கு மேலே 20 மீட்டரில் பந்து எப்போது இருக்கும்?' என்று கேட்பதாகிவிடும். பந்து ஏறுவதே 15² ÷ (2 × 10) = 11.25 மீட்டர்தான். போகாத இடத்துக்கு நேரம் எப்படிக் கிடைக்கும்? −1-க்கும் பொருள் உண்டு: ஒரு வினாடி முன்பே தரையிலிருந்து வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் எறிந்திருந்தாலும், பந்து இதே கணத்தில் இதே வேகத்தில் மாடியைக் கடந்திருக்கும்.

சரிபார்க்க, இரண்டாகப் பிரித்துப் போடலாம். ஏற 1.5 வினாடி, உச்சியிலிருந்து 20 + 11.25 = 31.25 மீட்டர் விழ 2.5 வினாடி, மொத்தம் 4. தேர்வில் ஒரே சமன்பாடு போதும், இறங்கும்போது குறியை மாற்றவே கூடாது. உச்சியில் வேகம்தான் பூஜ்யம், முடுக்கம் அல்ல. அதுவும் பூஜ்யமானால் பந்து அங்கேயே நின்றுவிடும். ஈர்ப்பு முடுக்கத்துக்கு 10-க்குப் பதில் 9.8 போடச் சொன்னால் விடை 4.07 வினாடி.

கேள்வி: ஓடும் மெட்ரோவில் நாணயத்தைச் சுண்டினால் கையில் விழுமா?
- வாசகர், இந்திராநகர், பெங்களூரு

பதில்: சீரான வேகத்தில் நேராக ஓடினால் விழும், ரயிலின் வேகம் நாணயத்துக்கும் உண்டு. வேகம் கூடும்போது பின்னால் விழும். 45 சென்டிமீட்டர் உயரம் சுண்டினால் நாணயம் 0.6 வினாடி காற்றில் இருக்கும். ரயிலின் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 1 மீட்டர் வீதம் கூடினால் விலகல் ½ × 1 × 0.36, அதாவது 18 சென்டிமீட்டர். பிரேக் பிடித்தால் அதே கணக்கு, முன்பக்கமாக.