டர்போ பூஸ்ட் பிரஷர் என்றால் என்ன? அதை எப்படிச் சோதிப்பது?

டர்போ என்பது இன்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று காற்றை உள்ளே தள்ளும் விசிறி. அது இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதலோ அதுதான் பூஸ்ட். விறகடுப்பை ஊதாங்குழலால் ஊதுவது போலத்தான்: காற்று கூடினால் கூடுதல் டீசலையும் நன்றாக எரிக்கலாம், இழுவை கூடும்.

சோதிக்க, ஓபிடி ஸ்கேனரை (வண்டியின் கம்ப்யூட்டர் தரும் எண்களைக் காட்டும் கருவி) மாட்டி, இன்டேக் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) பிரஷரைப் பாருங்கள். நின்ற வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பயனில்லை. இன்ஜின் சுமை இழுத்தால்தான் டர்போவை வேகமாகச் சுழற்றும் அளவுக்குப் புகை வரும். காலியான சாலையில், மூன்றாவது கியரில், 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக மிதியுங்கள். எண்ணைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், நீங்கள் வேண்டாம்.

ஸ்கேனர் பெரும்பாலும் வெளிக்காற்றையும் சேர்த்தே காட்டும். 2.2 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) என்று வந்தால், கடல்மட்டத்தில் அதில் சுமார் 1 பார் வெளிக்காற்று, பூஸ்ட் 1.2 பார்தான். இதைக் கழிக்காமல் பயந்து போகிறவர்கள் நிறைய. அப்புறம், உங்கள் மாடலுக்குக் கம்பெனி கொடுத்த அளவோடு ஒப்பிடுங்கள்.

எண் குறைந்தாலே டர்போ போச்சு என்று அர்த்தமில்லை: இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸில் சின்னக் கிழிசலோ தளர்ந்த கிளாம்போ இருந்தாலும் பூஸ்ட் இறங்கும், அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் மிதிக்கும்போது ‘உஸ்ஸ்’ சத்தமும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.