அப்பாவின் கண்ணுக்கு ஓர் எழுத்து அட்டை

கேள்வி: அப்பாவுக்கு மூளைத்தண்டில் பக்கவாதம் வந்து 4 மாதம் ஆகிறது. கை, கால், வாய் எதுவும் அசையவில்லை, கண் மட்டும்தான். எல்லாம் புரிகிறது என்கிறார் டாக்டர். பசிக்கிறதா, வலிக்கிறதா என்று மாற்றி மாற்றிக் கேட்கிறோம், கண் கலங்குகிறார். அவரோடு எப்படிப் பேசுவது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்:
அன்புத் தங்கைக்கு,

முதலில் ஆமாம், இல்லை இரண்டையும் முடிவு செய்துகொள்ளுங்கள். கண் சிமிட்டல் வேண்டாம், அது தானாகவும் நடக்கும், எது பதில் என்று குழம்பிப்போவீர்கள். இந்தப் பாதிப்பில் பெரும்பாலும் கண் பக்கவாட்டில் போகாவிட்டாலும் மேலும் கீழும் போகும். மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை. உங்களுக்கு விடை தெரிந்த கேள்விகள் நாலைந்து கேட்டுச் சரிபாருங்கள்.

ஆனால் இதோடு நின்றால் நீங்கள் கேட்காத எதையும் அவரால் சொல்லவே முடியாது. அதனால்தான் எழுத்து வேண்டும். ஒரு சார்ட்டில் பெரிதாக நான்கு வரி எழுதுங்கள்: வல்லினம், மெல்லினம், இடையினம், உயிர். 247 எழுத்தும் வேண்டாம். "வல்லினமா? மெல்லினமா?" என்று மெதுவாகக் கேளுங்கள், கண் மேலே போனதும் அந்த வரியை எழுத்தெழுத்தாக வாசியுங்கள், மறுபடி மேலே பார்த்தால் அந்த எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலும் கொம்பும் புள்ளியும் தேவையே இல்லை, த-ல-வ-ல என்று வந்தால் தலைவலி என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஊகித்ததை அவரிடம் சொல்லி ஆமாம் வாங்கிய பிறகுதான் அடுத்த சொல். எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தாலும் கவலை இல்லை, நீங்கள் வாசிப்பது காதில் விழுந்தால் போதும்.

என் பெரியப்பாவுக்கு இதே நிலை வந்தபோது தண்ணீரா, வலியா, போர்வையா என்று நாங்கள் எத்தனையோ நாள் கேட்டோம். அட்டை வந்த அன்று அவர் சொன்னது இரண்டே எழுத்து, ம, ச. மாசமா, மசாலாவா என்று நாங்கள் முழிக்க, பெரியம்மாதான் "மீசையா?" என்றார். கண் மேலே போய் அங்கேயே நின்றது. ஆஸ்பத்திரியில் குழாய்க்கு பிளாஸ்திரி ஒட்டுவதற்காக மழித்திருந்தார்கள், வீட்டுக்கு வந்த பிறகும் நாங்கள் மழித்துக்கொண்டே இருந்திருக்கிறோம்.

பிரெஞ்சுப் பத்திரிகையாசிரியர் ழான் டொமினிக் போபி, 1995-இல் இதே பாதிப்பு வந்த பிறகு, இடது இமையை மட்டும் அசைத்து ஒரு முழுப் புத்தகமே சொல்லி எழுதவைத்தார். அவருக்கு எழுத்துகளை அகரவரிசையில் வாசிக்கவில்லை, பிரெஞ்சில் அதிகம் வரும் எழுத்து முதலில் வரும்படி அடுக்கி வாசித்தார்கள். நீங்களும் ங, ஞ இரண்டையும் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள், நேரம் மிச்சமாகும்.

கண் அசைவைப் பின்தொடரும் கம்ப்யூட்டர் கருவிகளும் இருக்கின்றன, விலை அதிகம். அதைப் பற்றி ஸ்பீச் தெரபிஸ்டிடம் கேளுங்கள், அதுவரை அட்டையை நிறுத்த வேண்டாம். சீக்கிரம் களைத்துவிடுவார், ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம் போதும்.

இன்றைக்கு ராத்திரி டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பசியா, வலியா என்று எதுவும் கேட்காமல், "என்னப்பா சொல்லணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வல்லினத்திலிருந்து ஆரம்பியுங்கள்.